யாரும் பார்க்காத ஊசி

"சிறுநீரகம் சரியில்லாத பிள்ளைங்களுக்கு இந்த ஊசி ஒத்துக்குமான்னு நீங்க எப்படிப் பார்த்தீங்க, தம்பி?"

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வடக்கு நாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

புது மருந்து ஒன்று வந்தால் அரசாங்கம் அதை வாங்கித் தரலாமா, கூடாதா என்று அலசிச் சொல்வது அவளுடைய அலுவலகத்தின் வேலை. வடக்கு நாட்டிலும் அப்படி ஒன்று உண்டு, தெற்கு நாட்டிலும் ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டு எழுதுவது இவள் பொறுப்பு.

அறிக்கை முடிவாகும் முன்பே மூவரும் வரைவைப் பரிமாறிக்கொள்வார்கள். ஒரே வேலையை மூன்று பேர் எதற்கு மாய்ந்து மாய்ந்து செய்ய வேண்டும்?

இந்த ஊசிக்கு வடக்கே முதலில் ஒப்புதல் வந்துவிட்டது. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு நேற்றே எல்லை தாண்டிப் போய்விட்டார்.

இன்று ஊசி. ஏற்றினால் ஏற்றியதுதான், உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

மகளுக்குத் தசையில் வலு இல்லை. சிறுநீரகமும் கொஞ்சம் மந்தம்.

போனில் வடக்கு நாட்டுத் தம்பி சிரித்தான். "அதை நாங்க எங்கக்கா பார்த்தோம்? தெற்குக்காரங்கதான் சரின்னு எழுதியிருந்தாங்களே. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிட்டோம்னு வெச்சுக்கோங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே தெற்கு நாட்டைப் பிடித்தாள். அங்கே இருப்பவர் கறாரான பெண்மணி. "ஏம்மா, உங்க வரைவுல ஆபத்தில்லைன்னு போட்டிருந்துச்சே! அதை நம்பித்தானே நாங்க எழுதினோம்?"

தன் வரைவைத் திறந்தாள். அவசரத்தில் இரண்டு முறை வேறு பக்கம் வந்தது.

'சிறுநீரகம்: ஆபத்து இல்லை. வடக்கு நாடும் ஏற்க இருக்கிறது.'

அவளே எழுதிய வரி.

வடக்கு தெற்கைப் பார்த்தது. தெற்கு இவளைப் பார்த்தது. இவள் வடக்கைப் பார்த்தாள்.

ஊசியை யாருமே பார்க்கவில்லை.

கணவரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள்.

காலையில் அவர் தயங்கியது நினைவுக்கு வந்தது. மனசு ஒப்பவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டார். அங்கே டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று இவள்தான் சொன்னாள்.

கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்ளும் மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவள், இன்று அந்தப் பயத்தைத்தான் மலைபோல நம்பினாள்.

பயந்திருப்பார். கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். பிள்ளையை வாரிக்கொண்டு கிளம்பியிருப்பார். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

எடுத்தார்.

அவர் குரலில் அப்படியொரு தெம்பை அவள் கேட்டதே இல்லை.

"ஏத்தியாச்சும்மா! பாப்பா தூங்குறா. முதல்ல கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் அடம்பிடிச்சேன். அப்புறம் டாக்டர், உங்க நாட்டுலயே ஆபத்தில்லைன்னு எழுதியிருக்காங்க பாருங்கன்னு ஒரு வரைவு அறிக்கையைக் காட்டினார். கீழே பார்த்தா உன் பேரு. அதுக்கப்புறம் எனக்கென்ன பயம்?"