நாகேந்திரத்தாருக்கு ஆயிரம் பேர்

எண்ணூற்று எழுபது.

நாகேந்திரத்தார் கைபேசியை மேசையில் வைத்தார். வைத்த கையோடு திரும்ப எடுத்தார். எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

மணி நாலரை. ஐந்து மணிக்குக் கொட்டாஞ்சேனையில் பதிப்பாளர் சாரங்கன் கூட்டம் வைக்கிறான். முகநூலில் ஆயிரம் பேராவது பின்தொடராத புது எழுத்தாளரின் நாவல் அந்த மேசைக்கே போகாதென்று போன கிழமையே கறாராகச் சொல்லிவிட்டான்.

பதினொரு வருடம் இருந்து எழுதிய நாவல். வெள்ளவத்தையில் அவர் குடியிருக்கும் தொடர்மாடியில் அதை வாசித்தவர் ஒருவருமில்லை. அவர் எழுதுகிறார் என்பதை அறியாதவரும் ஒருவருமில்லை. லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் கதைச்சுருக்கம் சொல்லியிருக்கிறார்.

நேற்றுவரை அவரைப் பின்தொடர்ந்தவர்கள் முப்பத்தேழு பேர். அதில் மூன்று பேர் மெத்தை விற்பவர்கள்.

இன்று காலைதான் சாரங்கன் கேட்டபடி தன்னைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக இருந்த பழைய படத்தை, எழுத்தாளருக்கு அதுதான் எடுப்பென்று கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிவரப் பூக்கரையும் வைத்தார்.

"என்னப்பா, உங்களுக்கு இவ்வளவு சனமோ?" மனைவி ரதி எட்டிப் பார்த்தாள்.

"சும்மா இரும். கண்படப் போகுது."

கீழே குவியும் கருத்துகளை அவர் திறக்கவேயில்லை. ஆயிரம் தாண்டிய பிறகுதான் வாசிப்பதென்று விரதம். புகழ் தலைக்கேறிவிடுமாம்.

தொள்ளாயிரத்து அறுபது. லண்டனில் மத்தியானம். டொரோண்டோ இப்போதுதான் கண் விழிக்கிறது. தொள்ளாயிரத்து எண்பது.

கதவு மணி அடித்தது.

கீழ்மாடி ஐறீன், வெள்ளைச் சேலையில். ஒரு கையில் தேநீர்ப் போத்தல், மறு கையில் இடியப்பப் பார்சல். ரதியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழத் தொடங்கியவள், அவள் தோளுக்கு மேலால் நாகேந்திரத்தாரைக் கண்டதும் போத்தலைத் தவறவிட்டாள்.

"முகநூலில..." என்று ஐறீன் திணற, ரதி கணவரின் கைபேசியைப் பறித்து வாசித்தாள்.

'யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட எழுத்தாளர் நாகேந்திரம் அவர்கள்...'

முப்பது வருடமாகக் காலையில் பேப்பரைத் திறந்தால் முதலில் மரண அறிவித்தல் வாசிக்கிற மனுசன். கை வேறெப்படித்தான் எழுதும்?

கீழே எழுநூறு ஆழ்ந்த அனுதாபங்கள். கிரியை எத்தனை மணிக்கென்று அறியக் காத்திருப்பவர்கள் மிச்சம்.

"உடன அழியுங்கோ!"

அவர் விரல் நீண்டது. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். எண்ணிக்கை ஆயிரத்து ஆறு. விரல் அங்கேயே நின்றது.

கைபேசி அலறியது. சாரங்கன். ரதியே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, இப்பதான் பார்த்தனான்." அவன் குரல் தழுதழுத்தது. "ஐயாவின்ர நாவலை நாங்கள் போடுறம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வாற சனத்தின்ர கையில புத்தகம் இருக்கும்."

ஐறீன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் வாயில் ஓர் இரகசியம் இரவு தங்கிய சரித்திரம் அந்தத் தொடர்மாடியில் இல்லை.

ரதி கணவரைப் பார்த்தாள். அவர் முதலில் ஐறீனை நோக்கிக் கும்பிட்டார். பிறகு மனைவியை.

ரதி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஓம் தம்பி. அவர் இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்."