முதல் குண்டு

நுனி கருகிய ஈர்க்குச்சி லூயிஸின் கைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

எதிரே ரப்பர் தோட்டத்து ஸ்டோர் படியில் வெள்ளைக்காரத் துரை நின்றார். கையில் பழைய மார்ட்டினி துப்பாக்கி. முதுகுக்குப் பின்னால் பூட்டிய கதவு. கதவுக்கு உள்ளே அடைபட்டுக் கிடந்தான் சீனி.

காய்ச்சலோடு ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்கு வரமுடியாது என்று எதிர்த்துப் பேசியதற்காக நேற்றுக் காலை அவனை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. விடியும்வரை முனகல் கேட்டது. இப்போது அதுவும் இல்லை.

கதவை உடைத்து அவனைப் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். குறுக்கே நிற்பது துப்பாக்கி.

எல்லாரும் சேர்ந்து துரைமேல் பாயும் யோசனையைக் கிளப்பிவிட்டதே லூயிஸ்தான். துரை பன்றி வேட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் துப்பாக்கியைச் சுமந்தவன் அவன்.

"ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டாதான்லா. சுட்டுட்டா கீழ இருக்கிற பிடிய அமுக்கணும், பழசு வெளிய வரணும், அப்புறந்தான் அடுத்தது. அதுவும் பாதி நேரம் சிக்கிக்கும். அதுக்குள்ள எல்லாரும் பாஞ்சி புடிச்சிரலாம்."

நேற்று சாயங்காலம் லயத்து வீடுகளின் முன்னால் இப்படித்தான் அளந்துவிட்டான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் ஊர் ஊராய்ப் பிடித்த காலத்துத் துப்பாக்கி அது. பல தோட்டா போடும் துப்பாக்கி வந்ததும் பட்டாளம் அதைக் கழித்துவிட்டது. போலீஸ் கைக்கு வந்து, பிறகு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கிழடுதான். ஆனால் குண்டு கட்டைவிரல் பருமன். பன்றியின் தோள் எலும்பை அது தூள் தூளாக்கியதை லூயிஸ் கண்ணால் பார்த்திருக்கிறான்.

எல்லாரும் தலையாட்டினார்கள். சீனியின் பெண்டாட்டி நவமணி மட்டும் கேட்டாள்.

"அந்த மொத குண்டு யாருக்குண்ணே?"

தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்கு நழுவினார்கள்.

நவமணி விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவினாள். ஒன்றின் நுனியை மட்டும் கருக்கி வருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். நுனிகளைப் பொத்திப் பிடித்தபடி வாசல் வாசலாக வந்து நீட்டினாள். வீட்டுக்கு ஒருவர் ஒன்றை உருவவேண்டும். கருகியது வந்தவர் முதலில் அடியெடுத்து வைக்கவேண்டும், மற்றவர்கள் பின்னால். யாரும் யாருக்கும் காட்டக்கூடாது, தெரிந்தால் பெற்றதும் கட்டியதும் காலைக் கட்டிக்கொண்டு அழும் என்றாள்.

லூயிஸ் உருவியதில் நுனி கருகியிருந்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று இரவெல்லாம் புழுங்கினான். காலையில் கஞ்சியைத் தள்ளி வைத்தான். மனைவி பியாட்ரிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

இப்போது துரை துப்பாக்கியின் கீழ்ப்பிடியை இறக்கினார். தோட்டாவை உள்ளே தள்ளிப் பிடியை ஏற்றினார். அந்தச் சத்தம் லூயிஸுக்கு நன்றாகத் தெரியும். இனி விரல் அசைந்தால் போதும்.

இந்தக் குச்சியை மென்று விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெட்கம்கெட்ட யோசனைதான். ஆனால் உயிர் அவனுடையது. ஈர்க்கை வாய்வரை கொண்டுபோனான்.

தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த நவமணி இருமினாள். அதுதான் அடியெடுத்து வைக்கப் பேசிவைத்த அடையாளம்.

மாதாவே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு லூயிஸ் காலை எடுத்து வைத்தான்.

வெடி கேட்கவில்லை. மண்ணில் காலடிகள் கேட்டன.

கண்ணைத் திறந்தான். இடப்பக்கம் தோளை உரசிக்கொண்டு ஜெயபாலன். வலப்பக்கம் சதாசிவம். அவருக்கு அப்பால் பாப்பா அக்கா. அவனுக்கு முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள், எல்லார் கையும் எதையோ பொத்தியிருந்தது.

துப்பாக்கியின் வாய் ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சுக்கு அலைந்தது. கத்தி கொண்டுவந்திருக்கிறார்களோ என்று துரைக்குச் சந்தேகம்.

"கை மேலே! எல்லா ஆளும்!"

கைகள் உயர்ந்தன. பொத்தியிருந்த விரல்கள் விரிந்தன. ஈர்க்குகள் செம்மண்ணில் உதிர்ந்தன.

லூயிஸ் கீழே பார்த்தான்.

எல்லா நுனியிலும் கரி.

நவமணி மறுபடி இருமினாள்.