ஒரு மணி நேரத் தலைவர்

“ஒரே ஒரு மணி நேரம் உங்க நாற்காலிய ஒரு பெண்ணுக்குக் குடுக்கணும் சார்,” என்றாள் லாவண்யா.

சேவைவழிக் கல்வி என்று போளூருக்கு அந்தப்பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்கு வந்திருந்த கல்லூரி மாணவிகளுக்கு அவள்தான் பொறுப்பு. பெண்களும் தலைமையும் என்பது பாடம். ஊர்ப்பெண் ஒருத்தியை ஊராட்சித் தலைவராக நடிக்கவைத்துக் காட்டினால் மதிப்பெண்.

ஊரே தலைவரே என்று கூப்பிடும் நாச்சிமுத்து தாராளமாகச் சிரித்தார். மனைவி இருளாயியைக் கைகாட்டினார்.

“இவ இருக்கட்டும். அடுப்படியே கதின்னு கெடக்கவ. பாத்துச் சொல்லிக் குடுங்க.”

கேரட் தோட்டத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

வெட்கம் என்று மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

“எனக்கெதுக்குத்தா இந்தச் சோலி?”

இருளாயியை விடவில்லை. நாற்காலி மெத்தை நாச்சிமுத்துவின் அளவுக்குக் குழிந்திருந்தது. அவள் அதற்குள் இறங்கினாள்.

முதுகை எப்படி நிமிர்த்துவது, மேசையில் கையை எப்படி வைப்பது என்று ஆளுக்கொன்று கற்றுக்கொடுத்தார்கள். தலைவர் என்று எழுதிய அட்டையைச் சேலையில் குத்தினார்கள்.

நாச்சிமுத்துவுக்குத் தலைவரின் மனைவி வேடம். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு டீயோடு வந்தார்.

“தலைவருக்குச் சீனி போதுங்களா?” என்று கீச்சுக்குரலில் கேட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“இப்ப ஒரு உத்தரவு போடுங்கக்கா. எதுன்னாலும் சரி, சும்மாதான,” என்றாள் லாவண்யா.

இருளாயி பெண்களைப் பார்த்தாள்.

ஊர்த் தொட்டித் தண்ணீர் முதலில் நாச்சிமுத்துவின் தம்பி நடத்தும் காட்டேஜுக்குப் போகும். மிச்சம் தெருவுக்கு. மிச்சம் வந்ததே இல்லை. குடத்தோடு ஓடைக்கு இறங்கி வழுக்கி விழுந்த கண்மணி, காலில் கட்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“நாளையிலருந்து தண்ணி மொதல்ல தெருவுக்கு. மிச்சம் இருந்தா காட்டேஜுக்கு.”

மாணவிகள் கைதட்டினார்கள். நாச்சிமுத்துவும் தட்டினார்.

“சூப்பர்க்கா. முடிஞ்சது, எந்திரிங்க.”

இருளாயி எழுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து அருள்தாஸ் எழுந்தார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர்.

“நாளைக்கு எதுக்குங்க? இப்பவே திருப்பி விட்டுரவா?”

“ஏலே, ஒஞ் சோலியப் பாருலே,” என்றார் நாச்சிமுத்து.

“பாக்கத்தான் கேக்குறேன்.”

“அண்ணா, இது நாடகம்,” லாவண்யா பதறினாள். “நெசத் தலைவர்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க.”

“அவங்ககிட்டதானம்மா கேக்குறேன். போன தேர்தல்ல நாங்க ஓட்டுப் போட்டது இருளாயி அக்காவுக்குத்தான?”



“வெரசாப் போங்க தம்பி,” என்றாள் இருளாயி.