காற்றுத் துளை

சார்ஜர் பெட்டியின் மூடியைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது.

மாரிக்கனி தலையைத் திருப்பிக்கொண்டாள். செத்த பல்லியாக இருக்கும். போன் செய்தபோது மெக்கானிக் அப்படித்தான் சொன்னார். "பல்லி, பூச்சி போயிருக்கும்க்கா. கழட்டித் தொடச்சுப் பாருங்க."

பல்லி இல்லை.

காலையிலிருந்து அவளுடைய மின்சார ஆட்டோ நகரவில்லை. சார்ஜில் போட்டிருந்தும் பேட்டரி ஏறவில்லை. சார்ஜரின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. ஜெயசீலி டீச்சரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டிய நாள். வேறு ஆட்டோவை அனுப்பினாள். டீச்சரைத் தாங்கி ஏற்ற அந்த ஆளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சர் போன் செய்தார். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மூச்சுதான் வாங்கியது.

மாரிக்கனி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பிளக் பாயிண்டில் கரண்ட் இருந்தது. ஃபியூஸ் போகவில்லை. ஒயரில் வெட்டு இல்லை. உள்ளே இருக்கும் குட்டி ஃபேன்தான் சுற்றவில்லை. சூடு வெளியேற வழியில்லாமல் சார்ஜர் தானாகவே நின்றிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள்.

துரு என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஃபேன் இறக்கைகளில் கருஞ்சிவப்பாய் என்னமோ அப்பியிருந்தது. விரலை வைத்தாள். பிசுபிசுத்தது. இழுத்தால் நூல் நூலாய் வந்தது.

மூக்கருகே கொண்டுபோனாள்.

வெற்றிலை. புகையிலை. ரோஜா வாசனைப் பாக்கு.

எச்சில்.

தூணில் விரலைத் தேய்த்தாள். போகவில்லை.

போகிற போக்கில் யாரோ துப்பியதாக இருக்கக் கூடாதா என்று பார்த்தாள். இருக்க முடியாது. சார்ஜர் வீட்டின் பக்கச் சந்தில், கேட்டுக்கு உள்ளே மாட்டியிருந்தது. மேலே தகரம். காற்றுத் துளைகள் பெட்டியின் அடிப்பக்கத்தில்.

அதற்குள் துப்பக் குனிய வேண்டும். முகத்தை நிமிர்த்தி, உதட்டைத் துளையோடு ஒட்ட வேண்டும்.

ஒரு முறை துப்பியதும் அல்ல. அடியில் கறுத்துக் காய்ந்த பொருக்கு. அதன் மேல் பழுப்பு. அதற்கும் மேல் இன்னும் ஈரம் காயாத சிவப்பு.

அந்த ரோஜா பாக்கு வாசனை தினமும் அவள் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறது.

அவள் புருஷன் அழகுராஜ். டீக்கடையில் யாரைக் கண்டாலும் அவனாகவே சொல்வான்: "எங்க வீட்ல அவதான் வண்டி ஓட்டுதா. பெரிய கெட்டிக்காரி." சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவன் பெருமைப்படுகிறான் என்று அவளும் நம்பினாள்.

போன வாரம் பல்வலி என்று அவன் துடித்தபோது, அந்த வாய்க்குள் விரலை விட்டுக் கிராம்பு வைத்தவள் அவள்.

அதே விரல்.

அவள் அழவில்லை. பழைய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தாள். பொருக்கு பெயர்ந்து துணியில் ஒட்டியது. இறக்கையின் இடுக்கில் ஒரு பாக்குத் துண்டு. ஊசியால் குத்தி எடுத்தாள். பல் தடம் இருந்தது.

காயவிட்டு, மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது.

பின்னால் செருப்புச் சத்தம். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கன்னம் உப்பியிருந்தது. வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சரியாயிருச்சா? பூச்சிதான?"

கவலையாகத்தான் கேட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது.

அவன் உதட்டோரத்தில் மிச்சமிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"ஆமா. பூச்சிதான்."

அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். கை கழுவி எழுந்தவன் பாயை விரித்துக் கண்ணயர்ந்தான்.

சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தான். படுக்கையறைச் சுவரில், அவன் ராத்திரி படுக்கும் பக்கத்தில், சார்ஜர் தொங்கியது. ஒயர் ஜன்னல் வழியாக ஆட்டோவுக்குப் போயிருந்தது.

"இங்க எதுக்கு மாட்டுத? நா எங்கன படுக்க?"

அவனுடைய தலையணையை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினாள். தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தாள்.