ஒன்பது துணி

பிரசவ வார்டில் மத்தியானத்திலிருந்து மூன்றாம் நம்பர் கட்டில்தான் பேச்சு.

காலையில் குழந்தை பெற்ற மருமகளுக்கு மாற்றிய ரத்தத் துணிகளை அந்த மாமியார் தூக்கி எறியவே விடவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

துப்புரவு ஆயா கூடையோடு வந்து இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. பை வெளியே வரவில்லை. துவைத்து மறுபடியும் அந்தப் பெண்ணுக்கே கட்டிவிடுவாள் போல, இப்படியும் ஒரு கஞ்சப்பிசினாரியா என்று பக்கத்துக் கட்டில்காரி காதில் விழும்படியே சொன்னாள். வார்டே சிரித்தது. மகனால் தலை நிமிர முடியவில்லை.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. கொடுத்துடும்மா."

"சிஸ்டர் வரட்டும்."

சிஸ்டரோ பிரசவ அறையில் வேறொரு பெண்ணோடு போராடிக்கொண்டிருந்தாள். மாமியார் இரண்டு முறை அங்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். வருகிறேன், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் ஆயா சொன்ன புகாரைக் கேட்டு, திட்டுவதற்கென்றே சிஸ்டர் வந்தாள். வந்த இடத்தில் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்திருந்தது.

"எத்தனை துணிம்மா மாத்தின?"

"நாலு இருக்கும் சிஸ்டர். தலை சுத்துது."

"ஒம்போது," என்றாள் மாமியார். "ரெண்டு மணிக்கு மேல மட்டும் அஞ்சு."

குனிந்து பையை இழுத்து அவிழ்த்துக் காட்டினாள். சிஸ்டர் ஒரு பார்வைதான் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

அப்புறம் ஊசி, ரத்த பாட்டில் என்று ஒரே ஓட்டம். எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று பார்க்க, துணிகளைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் மகனிடம் சொன்னார். அவன் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

சாயங்காலம் மருமகள் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள். மாமியார் குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"சேத்து வைக்கணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"யாரும் சொல்லல சிஸ்டர். என் மகளுக்கும் இப்படித்தான் ஆச்சு. எவ்வளவு போச்சுன்னு டாக்டர் கேட்டாங்க. யாரும் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாதுன்னு, நான் எல்லாத்தையும் அப்பப்போ அலசிப் போட்டிருந்தேன்."