நிலாவுக்காக அறுத்த குழாய்

பொகவந்தலாவை மலைக்கு மேலே பிறை தெரிகிறது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வருகிறது. யூஜினா டீச்சர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையைக் கழற்றிவிட்டுக் கேமராவைப் பொருத்துகிறாள். கேமரா இரண்டு அங்குலம் உள்ளே போனால்தான் படம் தெளியும் என்பதால், தேயிலை ஃபெக்டரி ஃபிட்டர் வீரய்யா நேற்று வேலை விட்டதும் குழாயையே அறுத்துக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். அளவு பிசகியிருந்தால் பள்ளிக்கூடத்தின் ஒரே தொலைநோக்கி வீண். “தண்ணி பைப்புன்னு நெனச்சு அறுத்துட்டாரு டீச்சர்,” என்று அவர் மனைவி நாகலெட்சுமி சீண்டுகிறாள். வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யூஜினா மனதுக்குள் செபித்தபடி திருகைத் திருப்புகிறாள். கேமராத் திரையில் நிலாவின் குழிகள் ஒவ்வொன்றாக விளிம்பு கட்டுகின்றன. “பாருங்கண்ணே!” கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிகிறவர் வெகுநேரம் நிமிராமல் பார்க்கிறார். பிறகு நிமிர்ந்து பையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறார். “வியாழன் கெரகத்தப் பெருசாப் புடிக்க கேமராவுக்கு முன்னாடி நீட்டுக் கொழாய் ஒண்ணு வேணும்னீங்களே டீச்சர், அளவக் குடுங்க.”