வெள்ளைத் தட்டில் ஒரு புழு

கழக்கூட்டத்து வீட்டின் மொட்டைமாடியில் சற்குணம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். மகள் ஷெமி டெங்குவில் இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. அவர் ஆசையாய் அமைத்த மீன்தொட்டியின் மோட்டார் இன்னும் ஓடுகிறது. மீன் கழிவோடு மேலேறும் நீர், யாரும் பறிக்காமல் பூத்துவிட்ட கீரையின் வேர்களை நனைத்து, மீன் விடாத அடித்தொட்டியில் சொட்டுச் சொட்டாய் விழுகிறது. அங்கே நெளிந்த புழுக்களில் ஒன்றைக் கரண்டியால் கோரி வெள்ளைத் தட்டில் விட்டிருக்கிறார். காலை வெயிலில் அதன் ஆறு கால்களும், வாலில் விரிந்த மூன்று சிறு இலைகளும் தெளிவாகத் தெரிகின்றன. கொசு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் ஆதிரா, தொட்டிக்குள் அடித்த டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிகிறாள். இந்த வார்டுக்கு அவள் புதிது; ஷெமியைப் பற்றித் தெரியாது. "இது கொசு இல்ல அங்கிள், தும்பிக் குஞ்சாக்கும். கொசுப் புழுவ எல்லாம் இது பிடிச்சுத் தின்னும்." சற்குணம் எழுந்துவிடுகிறார். "கேட்டியா ரத்னா? அந்தக் கொசு நம்ம தொட்டியில இருந்து இல்ல. நம்ம தொட்டியில இருந்து இல்லட்டீ." கொடியில் துணி விரிக்கிற மனைவி ரத்னாபாய் திரும்பவில்லை. ஈரச் சேலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. "இந்தத் தும்பி இங்க வந்து எத்தன நாளு இருக்கும் பிள்ளே?" "கூடிப்போனா ஒரு மாசம் இருக்கும் ஆண்ட்டி" என்கிறாள் ஆதிரா, நல்ல சேதி சொல்கிற சிரிப்போடு. சற்குணம் தட்டை மெல்லத் தொட்டிக்குள் சாய்க்கிறார். புழு நீந்திப் போன பிறகும் அவர் கை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.